கரண்ட் போகும்போதும் வீடு மாறும்போதும் பிரிட்ஜை என்ன செய்வது?

கேள்வி:

ஐயா, நாங்கள் திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு கதவுள்ள இன்வேர்ட்டர் வகைப் பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. வாங்கி மூன்று வருடம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பராமரிப்பு வேலை என்று காலை எட்டு மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் வந்தது. பகல் ஒரு மணிக்குத் திறந்து பார்த்தேன். பாதி நிறைந்திருந்த பிரீசரில் சூரை மீன் வெளிப்பக்கம் இளகி, நடுவில் கட்டியாக இருந்தது. கீழ்த்தட்டில் தூள் பிரட்டி வைத்த கும்பளாவும் முதல்நாள் சொதியும் இருந்தன. பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "கழுவிச் சமைத்தால் முடிந்தது, இவ்வளவு காசையும் மண்ணில் போட்டாய்" என்று மாமிக்குக் கோபம். யார் சொல்வது சரி? மாமியின் இன்சுலினும் பிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது, அது பழுதாகியிருக்குமா? மார்கழி விடுமுறைக்கு மூன்று வாரம் வவுனியாவில் அக்கா வீட்டுக்குப் போகிறோம். தை மாதம் கணவருக்கு இடமாற்றம் கிடைத்து மட்டக்களப்புக்கு வீடு மாறுகிறோம். லொறிக்காரர் பிரிட்ஜைப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக முடியும் என்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாமியோடு உள்ள வழக்கை முதலில் தீர்த்துவிடுவோம். பிரீசர் மீனில் மாமி சொன்னது சரி. கீழ்த்தட்டு விஷயத்தில் நீங்கள் செய்தது சரி.

கதவைத் திறக்காமல் வைத்தால், நிரம்பிய பிரீசர் கரண்ட் இல்லாமல் இரண்டு நாள் வரை குளிரைப் பிடித்து வைத்திருக்கும். பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள். உங்கள் சூரை ஐந்து மணித்தியாலம்தான் கரண்ட் இல்லாமல் இருந்திருக்கிறது, நடுவில் இன்னும் ஐஸ் இருந்திருக்கிறது. உள்ளே ஐஸ் பரல் கையில் தட்டுப்படுகிறது என்றால், மீன் இன்னும் பிரிட்ஜுக்குரிய குளிரில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதை அன்றைக்கே சமைத்திருக்கலாம். கரண்ட் வந்தபின் திரும்பவும் உறைய விட்டிருந்தாலும் உடம்புக்குக் கேடில்லை. இளகி உறைந்த மீனின் தசை கொஞ்சம் தண்ணீர் விட்டு உதிரும், பொரியலுக்கு நன்றாக வராது. குழம்புக்குப் போதும்.

கீழ்த்தட்டு வேறு கதை. அங்கே ஐஸ் இல்லை, பிடித்து வைத்திருக்கக் குளிர் குறைவு. மூடியபடியே இருந்தாலும் நாலு மணித்தியாலம்தான் கணக்கு. அதற்குப் பிறகு உள்ளே 5 பாகை செல்சியஸைத் தாண்டும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த சாப்பாடோ மீனோ இறைச்சியோ அந்த வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெளியே வைத்த சாப்பாடென்றால், 32 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணித்தியாலம்தான். திருகோணமலையில் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது பகல் இரண்டு மணிக்குக் குசினிக்குள் 32 பாகை என்பது குறைந்த கணக்கு. ஆகவே கும்பளாவையும் சொதியையும் கொட்டியதில் பிழை இல்லை.

மாமியிடம் இதைச் சொல்லும்போது "நல்லாத்தானே மணக்குது" என்பார். வீட்டுக்கு வீடு பெரியவர்கள் மணந்து பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். மீனில் அது சரிவராது என்பதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். சூரை, கும்பளா, கீரி, சாளை, அறக்குளா போன்ற மீன்களின் தசையில் இயற்கையாகவே ஒரு அமினோ அமிலம் அதிகம் இருக்கிறது. குளிர் குறைந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடும். மீன் அழுகிய மணம் வருமுன்பே இது நடந்துவிடலாம். ஒருமுறை உண்டானால் கழுவினாலும் போகாது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, திரும்ப உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து சுடும், தலை இடிக்கும், உடம்பு தடித்துக் கடிக்கும், நெஞ்சு படபடக்கும். பலர் அதை "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீன் கெட்டதுதான் காரணம். விளைமீன், கொடுவா போன்றவற்றில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் மற்றக் கிருமிகள் எல்லா மீனிலும் வளரும்.

சோறும் அப்படித்தான். ஆறிய சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. தேங்காய்ப்பால் சேர்ந்த சொதி, பாற்கறி, இடிசம்பல், திருவி வைத்த தேங்காய்ப்பூ, திறந்த பால்பெட்டி, வெட்டிய பழம், இறைச்சி ஆகியவற்றை நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு நம்பவேண்டாம். ஊறுகாய், ஜாம், மோர்மிளகாய், மாசி, கருவாடு, பட்டர், வெட்டாத மரக்கறி எல்லாம் தாங்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சட்டித் தயிர் புளிப்பதால் கெட்டதாகாது, ஆனால் மேலே பூஞ்சணம் பிடித்தால் எடுத்தெறியுங்கள். முட்டை கடையில் வெளியில்தானே இருக்கிறது என்பது உண்மை. என்றாலும் ஒருமுறை குளிரில் வைத்த முட்டை வெளியே வந்ததும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு நாள்கணக்கில் வைக்காமல் நன்றாக அவித்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ஒன்றைப் பற்றிச் சந்தேகம் என்றால் நாக்கில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

கரண்ட் போகப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்தால் உங்கள் கையில் ஒரு இரவு இருக்கிறது. முதல்நாள் மாலையே குளிர் அளவைக் கூட்டி வையுங்கள். பிரீசரில் வெற்றிடம் இருந்தால் பிளாஸ்டிக் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி உறைய வையுங்கள், வாய்வரை நிரப்பாமல் நாலு விரல் இடம் விட்டு. காலையில் கரண்ட் போனதும் அவற்றில் இரண்டு மூன்றை எடுத்துக் கீழறையின் மேல்தட்டில் வைத்தால், கீழறைக்கும் சில மணித்தியாலம் கூடக் கிடைக்கும். பகலுக்கு வேண்டிய பால், மரக்கறி எல்லாவற்றையும் கரண்ட் போகுமுன்பே வெளியே எடுத்துவிடுங்கள். அதன்பிறகு கதவைத் திறக்கவே வேண்டாம். "கெட்டுப்போச்சோ" என்று பார்க்கத் திறப்பதில்தான் பாதிக் குளிர் போகிறது. சிறிய பிரிட்ஜ் வெப்பமானி ஒன்றை வாங்கி நடுத்தட்டில் வைத்துவிட்டால், கரண்ட் வந்தபின் ஒரே பார்வையில் எல்லாம் தெரியும். நாள்முழுக்க நிறுத்துவார்கள் என்றால், மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்றும் ஐஸ் கடையில் கொஞ்சம் ஐஸும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி விலை உங்கள் சூரையின் விலையை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

2022ஆம் ஆண்டு நினைவிருக்கும். மார்ச் 31ஆம் திகதிக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் மக்களை ஏமாற்றியது வெட்டின் மொத்த நேரத்தை விட அது துண்டு துண்டாக வந்ததுதான். நாலு மணித்தியாலம் போய் இரண்டு மணித்தியாலம் வந்தால், அந்த இரண்டில் பிரீசர் பழைய குளிருக்குத் திரும்பாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மூன்றாம் நாள் மீன் கூழாகும். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் பிரீசரில் சேமிப்பதையே விட்டுவிடுங்கள். உப்புவெளியில் இருந்துகொண்டு ஒரு கிழமை மீனை உறைய வைக்கவேண்டிய தேவை என்ன? திருக்கடலூரிலும் மற்றத் துறைகளிலும் அன்றாடம் மீன் கரையேறுகிறது. அன்றைக்கு வாங்கி அன்றைக்குச் சமையுங்கள்.

இனி என் தொழிலுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் போவதால் பிரிட்ஜுக்கு எந்தக் கேடும் இல்லை. அது திரும்பி வருகிற சில நிமிடங்கள்தான் பழுதுக்குக் காரணம்.

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை ஒரு காஸின் வழியாக வெளியே எடுத்துக் கொட்டுகிறது. கொம்பிரசர் அந்தக் காஸை ஒருபக்கம் அழுத்தி வைத்திருக்கும். ஓடிக்கொண்டிருந்த கொம்பிரசர் நின்றதும் ஒருபக்கம் அழுத்தம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். அது மெல்லிய குழாய் வழியாகச் சமப்பட மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். கரண்ட் போய் ஒரே நிமிடத்தில் வந்தால், பழைய வகைக் கொம்பிரசருக்கு அது மேட்டில் நிற்கும் பாரவண்டியை நின்ற நிலையில் இழுக்கச் சொல்வது போல. சுற்ற முடியாமல் பல மடங்கு கரண்டை இழுத்துச் சூடாகும். "டிக்" என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் முனகல், பிறகு திரும்ப "டிக்" என்று கேட்டால், பாதுகாப்பு ரிலே அதைத் துண்டித்துக் காப்பாற்றுகிறது என்று அர்த்தம். அப்படிக் கேட்டவுடன் சுவிச்சை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். கேட்டும் கேளாமல் விட்டால் மோட்டார்ச் சுருள் எரிந்து, புதுக் கொம்பிரசருக்குச் செலவழிக்க வேண்டி வரும்.

உங்களுடையது இன்வேர்ட்டர் வகை. அது மெதுவாகச் சுழலத் தொடங்குவதால் இந்தப் பாரவண்டிச் சிக்கல் குறைவு. ஆனால் அதை நடத்துவது ஒரு மின்னணு அட்டை. வோல்ட்டேஜ் திடீரென்று எகிறினால் முதலில் போவது அந்த அட்டைதான், அதன் விலை உங்களுக்குச் சந்தோஷம் தராது. எங்கள் நாட்டில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். கரண்ட் வந்த முதல் சில நிமிடம், ஊரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒன்றாக இழுப்பதால் கீழே விழுந்து, பிறகு மேலே துள்ளி, பிறகுதான் நிலைக்கும். ஆகவே கரண்ட் போனதும் பிரிட்ஜின் சுவர்ச் சுவிச்சை நிறுத்துங்கள். ஒரு மின்குமிழை மட்டும் போட்டு வையுங்கள். கரண்ட் வந்து, குமிழ் மங்காமல் துள்ளாமல் பத்து நிமிடம் ஒரே மாதிரி எரிந்தபின் பிரிட்ஜைப் போடுங்கள்.

நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் இதை யார் செய்வது? அதற்குத்தான் பிரிட்ஜ் கார்ட் என்று கடைகளில் விற்கும் சிறு பெட்டி. வோல்ட்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டித்து, சரியானபின் சில நிமிடம் பொறுத்துத் திருப்பிக் கொடுக்கும். ஸ்டெபிலைசர் என்பது வேறு: அது குறைந்த வோல்ட்டேஜை உயர்த்தியும் கூடியதைக் குறைத்தும் கொடுக்கும். இன்வேர்ட்டர் பிரிட்ஜ்கள் பல, வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தை ஓரளவுக்குத் தாமே தாங்கும். கையேட்டில் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வரை என்று இருக்கும், பாருங்கள். உங்கள் வீட்டில் அந்த எல்லைக்குள்தான் வருகிறதென்றால் கார்ட் போதும், ஸ்டெபிலைசருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு மாலையும் குமிழ் மங்கி மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்றால், பெட்டி மேல் பெட்டியாக வாங்காமல் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் எழுத்துமூலம் முறைப்பாடு கொடுங்கள். அது உங்கள் பகுதிக் கம்பியில் உள்ள குறை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்கவேண்டாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்கள் மாவட்டத்தின் வடக்குக் கரையைத் தாண்டியது. அப்படியான காற்று அடித்து மரம் முறிந்து விழுந்தபின் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால், 230இல் இருக்கவேண்டிய வோல்ட்டேஜ் 300ஐயும் தாண்டலாம். குமிழ்கள் வழமைக்கு மாறாகப் பளிச்சென்று எரிந்தால் ஒரு கணமும் யோசிக்காமல் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வெள்ளத் தண்ணீர் கொம்பிரசர் வரை ஏறிய பிரிட்ஜையும் காய்ந்துவிட்டது என்று நம்பிப் பிளக்கைக் குத்த வேண்டாம், பார்க்கத் தெரிந்தவர் பார்க்கட்டும்.

மாமியின் இன்சுலின் பழுதாகியிருக்காது, பயப்படவேண்டாம். ஆனால் இடத்தை மாற்றுங்கள். கதவு என்பது பிரிட்ஜில் சூடான இடம், திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், நடுத்தட்டில் ஒரு சிறு பெட்டிக்குள் வையுங்கள். பின்சுவரை ஒட்டவும் கூடாது, அங்கே சிலநேரம் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் இளகிப் பார்வைக்குச் சரியாக இருந்தாலும் அதன் வேலை போய்விடும், எறியத்தான் வேண்டும். கரண்ட் இல்லாத நேரம் ஐஸுக்குள் புதைத்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாவனையில் உள்ள குப்பியைப் பெரும்பாலும் நாலு வாரம் வரை அறை வெப்பத்தில் வைக்கலாம். அந்த வெப்பம் 25 பாகையா 30 பாகையா என்பது மருந்துக்கு மருந்து மாறும், பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும். கிளினிக்கிலோ மருந்துக்கடையிலோ ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வெயிலில் அறை வெப்பமே 30ஐத் தாண்டும்போது மண்பானைதான் கைகொடுக்கும். பெரிய சட்டி ஒன்றில் மணல் போட்டு நனைத்து, அதற்குள் சிறிய பானையை இறக்கி, குப்பியை ஈரம் படாதபடி மூடியுள்ள போத்தலில் இட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி, நிழலில் காற்றுப் படும் இடத்தில் வைக்கவேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கச்சான் உலர்ந்த காற்று என்பதால் அந்தக் காலத்தில் இது நன்றாக வேலை செய்யும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் பலன் குறைவு, ஆனால் அப்போது வெக்கையும் குறைவு. பிரிட்ஜின் 2–8 பாகையை இது தராது. பாவனையில் உள்ள குப்பியைக் காப்பாற்றப் போதும். வவுனியாப் பயணத்தில் இன்சுலினை மாமியின் கைப்பையிலேயே, துணி சுற்றிய குளிர்ப்பையில் கொண்டுபோங்கள். வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்கு இறங்க வேண்டாம்.

மூன்று வார விடுமுறை. ஒரு கிழமை, பத்து நாள் என்றால் கெடக்கூடியவற்றை எடுத்துவிட்டுப் பிரிட்ஜை ஓட விடுங்கள் என்பேன். மார்கழியில் மூன்று வாரத்துக்கு அப்படிச் சொல்லமாட்டேன். மாரி மழை, இடி, காற்று எல்லாம் சேர்ந்த மாதம், கரண்ட் போய்வருவதைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. போவதற்கு முந்தின கிழமையே வாங்குவதைக் குறைத்து, இருப்பதைச் சமைத்து முடியுங்கள். புறப்படுமுன் முழுதாக வெறுமையாக்கி, நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பிரீசரில் ஐஸ் படிந்திருந்தால் அது தானாக உருகட்டும். கத்தியால் குத்தி எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மெல்லிய அலுமினியத்துக்குள்தான் காஸ் ஓடுகிறது, ஒரு ஓட்டை விழுந்தால் பல பிரிட்ஜ்களில் அதோடு கதை முடிந்தது. ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் துடையுங்கள், ரப்பர் பீடிங்கின் மடிப்புக்குள்ளும் விரல்விட்டுத் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஈரம் முழுவதையும் எடுங்கள்.

கதவை மூடிவிட்டுப் போனால் மூன்று வாரத்தில் உள்ளே கறுப்புப் பூஞ்சணமும் போகாத மணமும்தான் மிஞ்சும். சுருட்டிய துவாய் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துக் கட்டி, நாலு விரல் திறந்தே இருக்கும்படி செய்யுங்கள். யாராவது பிள்ளைகள் வீட்டுக்குள் வந்துபோவார்கள் என்றால் அந்த அறையையே பூட்டுங்கள். வெறும் பிரிட்ஜ் பிள்ளைகளுக்கு ஒளிந்து விளையாடும் இடமாகத் தெரியும், உள்ளே காற்றில்லை.

இன்னொன்று, பலர் பார்க்காத இடம். பிரிட்ஜின் பின்னால், கொம்பிரசருக்கு மேலே ஒரு தட்டு இருக்கும். உருகிய தண்ணீர் அதில்தான் சேரும். ஓடும்போது கொம்பிரசர்ச் சூட்டில் அது வற்றிவிடும். நிறுத்தினால் அப்படியே நிற்கும், டெங்கு நுளம்புக்கு அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. கிழக்கில் மாரிக்காலம்தான் டெங்குக் காலம். சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு பார்க்க வரும்போது பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து பார்ப்பது இதற்காகத்தான். ஐஸ் முழுதாக உருகிய பிறகு அந்தத் தட்டை ஊற்றித் துடைத்துவிட்டே புறப்படுங்கள்.

(ஏதாவது காரணத்தால் பிரீசரை ஓடவிட்டுத்தான் போகவேண்டும் என்றால், ஒரு கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. பார்வைக்குக் கல்லுப்போல் இருந்தாலும் அவ்வளவையும் எறியுங்கள்.)

வவுனியாவிலிருந்து வந்து சில நாளில் வீடு மாறுவதென்றால், இடையில் பிரிட்ஜைத் திரும்பப் போடாமலே இருந்துவிடலாம். காய்ந்து, சுத்தமாகி, ஏற்றத் தயாராக நிற்கும்.

லொறிக்காரருக்கு என் பதில்: படுக்க வைக்க வேண்டாம். கொம்பிரசர் உருண்டைக்குள் மோட்டார் சுருள்வில்களின் மேல்தான் இருக்கிறது, அடியில் எண்ணெய் நிற்கிறது. படுக்க வைத்து நூறு கிலோமீற்றருக்கு மேல் குலுக்கினால் அந்த வில் இடம் பெயரலாம். எண்ணெய் காஸ் குழாய்க்குள் ஏறிவிட்டால் மெல்லிய குழாய் அடைபடும், கொம்பிரசருக்கு எண்ணெய் இல்லாமல் போகும். திருகோணமலை – மட்டக்களப்பு வழி துறைக்குத் துறை பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவையில்) ஏற்றி இறக்கிய காலம் போல் இன்று இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலமும் பிறகு மற்றப் பாலங்களும் திறந்தபின் நிலைமை மாறிவிட்டது. ஆனாலும் நீண்ட தூரம். சின்னப் பட்டா லொறியானாலும் மேலே திறந்த பெட்டி என்றால் வீட்டுப் பிரிட்ஜ் நிமிர்ந்து நிற்கும். ஓட்டுநர் அறையை ஒட்டி நிறுத்தி, இடையில் மெத்தை வைத்து, மேலும் கீழும் இரண்டு இடத்தில் கயிறு கட்டினால் போதும். கயிறு பின்பக்கக் குழாய்களில் படக்கூடாது. தூக்கும்போது கதவுப்பிடியைப் பிடித்துத் தூக்கக்கூடாது, 45 பாகைக்கு மேல் சரிக்கக்கூடாது. கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்துப் பழைய சேலைகளில் சுற்றித் தனியாகக் கொண்டுபோங்கள். கதவை மூடி ஒட்டுநாடாவால் கட்டுங்கள். தை மாதத்திலும் மழை வரும், தடித்த பொலித்தீனால் முழுவதும் மூடுங்கள்.

வேறு வழியே இல்லாமல் படுக்க வைத்தால், முதுகுப்பக்கமோ முகப்பக்கமோ அல்ல, ஒரு பக்கவாட்டில்தான். கொம்பிரசரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றும் தடித்த குழாய் ஒன்றும் வரும். மெல்லிய குழாய் வெளியேறும் பக்கம் மேலே இருக்கட்டும், எண்ணெய் அதற்குள் ஓடாது. போய் இறக்கியபின் படுத்திருந்த நேரமளவுக்காவது நிமிர்த்தி வைக்கவேண்டும். நான் என்றால் அடுத்தநாள் காலை வரை விடச் சொல்வேன். நிமிர்ந்தே போயிருந்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் போதும்.

புது வீட்டில் அடுப்பையும் மேற்கு வெயில் படும் சுவரையும் தவிர்த்து இடம் தேடுங்கள். பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இரண்டு பக்கத்திலும் கொஞ்சம். இப்போதைய பிரிட்ஜ்கள் பலவற்றில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கச்சுவருக்குள்ளேயே இருக்கிறது. பக்கம் கை வைத்தால் சுடுகிறது என்று பதறி அழைப்பவர்கள் நிறைய, அது பழுதல்ல. நாலு காலும் தரையில் பதிந்து, கதவு தானாகச் சாத்தும் அளவுக்கு மிக இலேசாகப் பின்னுக்குச் சரிந்திருக்கட்டும். நீட்டிப்புக் கம்பியில் கொடுக்க வேண்டாம், சுவரில் தனிப் பிளக், எர்த் உள்ளது. முதல் சில மணித்தியாலம் வெறுமையாக ஓட்டி, வெப்பமானி 5 பாகைக்குக் கீழே வந்தபின் சாமான்களை வையுங்கள்.

மட்டக்களப்பிலும் கடலோரமாக வீடு கிடைத்தால் உப்புக்காற்று தொடரும். உப்புவெளியில் நின்ற மூன்று வருடத்தில் பின்பக்கக் குழாய்களிலும் இணைப்புகளிலும் துரு தொடங்கியிருக்கலாம். லொறியில் ஏற்றுமுன் ரோர்ச் அடித்துப் பாருங்கள். உலர்ந்த தூரிகையால் தூசியையும் உப்புப் படிவையும் தட்டிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் தொடருங்கள். ஈரத்துணி வேண்டாம்.

வீடு மாறியபின் "காஸ் போயிருக்கும், புதுசாய் அடிக்கவேணும்" என்று யாராவது சொன்னால் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். பிரிட்ஜில் காஸ் அடைபட்ட வட்டத்துக்குள் ஓடுகிறது, அது பாவித்து முடிகிற பொருளல்ல. இடம் மாற்றுவதால் குறைவதுமில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. எந்த இடத்தில் கசிகிறது என்று காட்டி, அதை அடைத்தபின்தான் காஸ் ஏற்றவேண்டும். கொம்பிரசரில் ஒட்டியுள்ள தாளில் ஆர் 600ஏ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், இன்வேர்ட்டர் வகைகளில் பெரும்பாலும் அதுதான். அளவு மிகக் குறைவு, சில பத்துக் கிராம்தான். ஆனால் தீப்பற்றக்கூடியது. ஆகவே அதில் கைவைப்பவர் அந்தக் காஸில் வேலை செய்து பழகியவரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். சாளரங்களைத் திறந்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.